ஷிப்டுக்கு உதவாத சைக்கிள் பாதை

வேலைக்குப் போவதற்கான சைக்கிள் பாதையும் உடற்பயிற்சிக்கான சைக்கிள் பாதையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அதே வண்ணப்பூச்சு, அதே வெள்ளைக் கோடு, தரையில் அதே சைக்கிள் படம். பயன்பாட்டில் இரண்டும் வேறு வேறு. பயிற்சிக்காக ஓட்டுபவர் வெயில் ஏறுவதற்கு முன்னால் தனக்குப் பிடித்த தூரம் போய்த் திரும்புவார். மழை பெய்தால் வீட்டிலேயே இருந்துவிடுவார். வழியில் ஓரிடம் சரியில்லை என்றால் அதற்கு முன்பே வண்டியைத் திருப்பிக்கொள்வார். வேலைக்குப் போகிறவருக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. புறப்படும் இடம், சேரும் இடம், சேரவேண்டிய நேரம் மூன்றும் வேறு யாரோ தீர்மானித்தவை. ஐந்து கிலோமீட்டர் வழியில் நாலே முக்கால் கிலோமீட்டர் அருமையாக இருந்து, மிச்சமுள்ள கால் கிலோமீட்டரில் உயிருக்கு ஆபத்து என்றால் அந்த வழி அவருக்கு இல்லை என்றே பொருள். இந்திய நகரங்களில் கடந்த இருபது ஆண்டுகளில் புதிதாகப் போடப்பட்ட சைக்கிள் பாதைகளின் குறைகளில் பெரும்பாலானவை இந்தக் கால் கிலோமீட்டரில்தான் இருக்கின்றன.

அந்தக் குறைகளைப் பொருத்திப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் இல்லை. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்ததிலிருந்து வளரத் தொடங்கிய பகுதி இது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம்–வடகால் என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. கார், லாரி, பைக், டயர், செல்பேசி என்று இங்கே தயாராகாத பொருள் குறைவு. வடக்கே சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48. குறுக்கே சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலை. அதை ஒரகடத்தில் வெட்டிக்கொண்டு போகும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை. கடைசி இரண்டும் மாநில நெடுஞ்சாலைகள். கண்டெய்னர் போக்குவரத்துக்காகவே அகலமாக்கப்பட்டு, ஒரகடம் சந்திப்பில் மேம்பாலமும் கண்டவை.

ஆலைகளில் வேலை செய்வோரில் பெரும்பங்கினர் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். மற்றவர்களுக்கு பைக், ஷேர் ஆட்டோ. மாத்தூர், வல்லம், வடகால், பண்ருட்டி (கடலூர் மாவட்டத்துப் பலாப்பழப் பண்ருட்டி அல்ல, ஒரகடத்துப் பண்ருட்டி) போன்ற ஊர்களில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் ஆலை பல சமயம் இரண்டு முதல் ஆறு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். சைக்கிளுக்கு அளவெடுத்த தூரம் அது. மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற சாதாரண வேகத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு இருபதே நிமிடம்.

சைக்கிள் ஓட்டத் தெரியாத மக்களும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முன்முயற்சியில், கிராமத்துப் பெண்கள் பெருந்திரளாக சைக்கிள் கற்றார்கள். 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005–06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர் அனைவருக்கும் விரிந்தது. இந்த ஆலைகளில் இன்று வேலை செய்யும் தமிழ்நாட்டு இளைஞர்களிலும் இளம்பெண்களிலும் பலர் அந்த சைக்கிளில் பள்ளிக்குப் போனவர்கள். நாடு முழுவதற்குமான கணக்கும் இதற்கு மாறாக இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையிலும் வீட்டுத் தொழிலிலும் சேராத தொழிலாளர்களில் சுமார் 13 சதவீதத்தினர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். அப்போது அது பைக்கிலும் ஸ்கூட்டரிலும் போனவர்களைவிடச் சற்றே அதிகம். பள்ளிக்கு ஓட்டியவர் வேலைக்கு ஓட்டாமல் போனதற்கு வசதியும் அந்தஸ்தும் ஒரு பகுதிக் காரணம் என்றால், சாலை இன்னொரு பகுதிக் காரணம்.

ஐந்து ஊர்களின் அனுபவம்

டெல்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு 2008இல் திறக்கப்பட்ட விரைவு பஸ் வழித்தடத்தில், பஸ்ஸுக்கு நடுவில் தனித்தடமும் இருபுறமும் சைக்கிளுக்குத் தனிப்பாதையும் இருந்தன. நெரிசலில் சிக்கிய பைக்குகளுக்கு அந்தப் பாதை குறுக்குவழியானது. கார்காரர்களின் எதிர்ப்பு பஸ் தடத்தின் மேல்தான். ஆனால் 2016இல் வழித்தடம் இடிக்கப்பட்டபோது சைக்கிளுக்கு என்று கிடைத்திருந்த ஏற்பாடும் அதோடு உருக்குலைந்தது. ஒருகாலத்தில் சைக்கிள் நகரம் என்று பேர் வாங்கிய புனேவில், 2006க்குப் பின் பஸ் வழித்தடங்களை ஒட்டிப் பல கிலோமீட்டர் சைக்கிள் பாதை போடப்பட்டது. நடைபாதையோடு சேர்த்து பேவர் பிளாக் பதித்து, மரம், மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், பஸ் நிழற்குடை என்று எது வந்தாலும் அங்கே நின்று, தாண்டி மறுபடி தொடங்கும் பாதை. தள்ளுவண்டிக் கடைகளும் நிறுத்திய வாகனங்களும் மிச்சத்தை எடுத்துக்கொண்டன. அதன் குறைகள் வெளிப்படையாகத் தெரிந்த பிறகுதான், 2017இல், அந்த மாநகராட்சி ஊர் முழுவதையும் இணைக்கும் ஒருங்கிணைந்த சைக்கிள் திட்டம் ஒன்றை ஏற்றது. திட்டம் முதலில் வந்திருக்க வேண்டும், பாதை பிறகு.

லக்னோவில் நடந்ததில் கொஞ்சம் அரசியல் வேடிக்கையும் உண்டு. அகிலேஷ் யாதவ் ஆட்சியில் நகரம் நெடுக சைக்கிள் பாதைகள் போடப்பட்டன. அவருடைய கட்சியின் தேர்தல் சின்னமும் சைக்கிள். 2017இல் ஆட்சி மாறியதும் சில பகுதிகளில் அவை அகற்றப்பட்டன. போக்குவரத்து ஏற்பாடாக ஊன்றாமல் ஆட்சியின் அடையாளமாக நின்ற பாதைக்கு ஆயுள் ஒரு தேர்தல் வரைதான்.

வேலைக்குப் போகிறவர்களை நினைத்தே போடப்பட்டது பெங்களூருவின் பாதை. 2020இல், கொரோனா ஊரடங்கு தளர்ந்த நேரத்தில், கர்நாடகத்தின் நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்ககம் வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டு சந்திப்பு முதல் கே.ஆர்.புரம் பக்கம் லோரி சந்திப்பு வரை சுமார் 17 கிலோமீட்டருக்குத் தற்காலிக சைக்கிள் தடம் ஒன்றைத் திட்டமிட்டது. சாலை நெடுகத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள். வேலை செய்வோர் லட்சக்கணக்கில். தேர்ந்தெடுத்த இடத்தில் பிழை சொல்ல முடியாது. பிரதான சாலையின் ஓரத்தில் கோடு போட்டு, குட்டையான தடுப்புக் கம்பங்களை நட்டுத் தடத்தைப் பிரித்தார்கள். கம்பங்கள் வண்டி மோதி ஒன்றொன்றாய் உடைந்தன. உடைந்த இடைவெளியில் பைக் நுழைந்தது, காரும் நின்றது. பஸ் நிறுத்தங்களிலும் மேம்பாலச் சரிவு இறங்கும் இடங்களிலும் தடம் தானாகவே மறைந்து, கொஞ்ச தூரம் தள்ளி முளைத்தது. பிறகு அதே சாலையில் மெட்ரோ வேலை தொடங்கியதும் தடத்தின் பெரும்பகுதி போயே போயிற்று. சாலையில் எந்த வேலை வந்தாலும் முதலில் இடம் கொடுக்கவேண்டியது சைக்கிள்தான் என்ற எழுதாத விதிக்கு இது நல்ல சான்று. மெட்ரோ கட்டும்போது கார்களுக்கு மாற்றுவழிப் பலகை வைக்காமல் இருக்கமாட்டார்கள்.

எதிர்த்துருவம் ஹைதராபாத். வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கிலோமீட்டர் நீளத்தில், 4.5 மீட்டர் அகலத்தில், மேலே சூரியத் தகடுகளால் கூரை வேய்ந்த பாதை 2023 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. கூரை 16 மெகாவாட் மின்சாரம் தரும் அளவுடையது. நிழல், வெளிச்சம், வழுவழுப்பான தரை என்று இந்தியப் பாதைகளுக்கு வழக்கமாக இல்லாத அத்தனையும் அங்கே உண்டு. ஆனால் அதற்கு வைத்த பெயரே ‘ஹெல்த்வே’. நகரின் விளிம்பில், விரைவுச் சாலைக்கு இணையாக ஓடும் பாதையிலிருந்து அலுவலக வாசலுக்கும் குடியிருப்பு வாசலுக்கும் போகவேண்டிய துண்டுகள்தான் தினசரி பயணிக்குத் தேவை. சைக்கிளைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து, ஓட்டிவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அந்தத் துண்டுகள் தேவைப்படாது.

ஆலை வாசலும் ட்ரெய்லரும்

மேலே சொன்ன ஊர்களில் இல்லாத, இந்தத் தொழிற்பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. இங்கே சாலையின் இடப்பக்கம் சில நூறு மீட்டருக்கு ஒரு ஆலை வாசல். அதற்குள் திரும்பும் வண்டி கண்டெய்னர் ட்ரெய்லர். சைக்கிள் பாதை வழக்கப்படி சாலையின் இடது ஓரத்தில் போனால், ஒவ்வொரு வாசலிலும் ட்ரெய்லரின் வழியும் சைக்கிளின் வழியும் வெட்டிக்கொள்ளும்.

நாற்பதடி கண்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போவதில்லை; உள்வாங்கி, குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அதனால் ஓட்டுநர் முதலில் வண்டியை வலப்பக்கம் ஒதுக்கி, பிறகு இடப்பக்கம் ஒடிப்பார். பின்னால் வரும் சைக்கிள்காரருக்கு வண்டி தனக்கு வழி விடுவது போலத் தோன்றும். அவர் முன்னேறி, ட்ரெய்லரின் இடப்பக்க வயிற்றோரம் வந்து சேரும் நேரத்தில் அது திரும்பத் தொடங்கும். அந்த இடம் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாத இடம். இதில் யாருடைய கவனக்குறைவும் தேவையில்லை. இருவரும் விதிப்படி போனாலும் விபத்து நடக்கும். தரையில் பூசிய வண்ணம் இதைத் தடுக்காது. எனக்கென்று தனித்தடம் இருக்கிறது என்ற தைரியத்தில் சைக்கிள்காரர் வேகம் குறைக்காமல் வருவார் என்பதால், வெறும் பூச்சு நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

தடுக்கும் வழி பொறியியலில் புதியதல்ல. வாசலை நெருங்கும்போது சைக்கிள் பாதையைச் சாலையிலிருந்து சில மீட்டர் உள்ளே தள்ளிக் கொண்டுபோவது நெதர்லாந்து நாட்டு வழக்கம். அப்படிச் செய்தால் வண்டி முழுவதும் திரும்பி முடித்த பிறகே பாதையைச் சந்திக்கும். ஓட்டுநர் சைக்கிளைக் கண்ணாடி வழியாகத் தேடாமல் நேராகவே பார்ப்பார். காருக்கு ஐந்து மீட்டர் போதும். ட்ரெய்லருக்கு அதிகம் வேண்டும். சந்திக்கும் இடத்தில் பாதை இறங்கக் கூடாது, அதே உயரத்தில் தொடரவேண்டும். ஏறி இறங்கவேண்டியது லாரிதான். இந்திய நகரங்களில் இது தலைகீழ். ஒவ்வொரு வாசலிலும் பாதை சரிந்து இறங்கி, மறுபக்கம் விளிம்புக்கல்லில் முட்டி ஏறுகிறது. மூன்று கிலோமீட்டரில் இருபது வாசல் என்றால் நாற்பது குலுக்கல். அனுபவப்பட்டவர் பாதையை விட்டுவிட்டுச் சாலையிலேயே ஓட்டுவார். பார்ப்பவர்கள், பாதை போட்டும் பயன்படுத்தத் தெரியவில்லை என்று அவரைத்தான் குறை சொல்வார்கள்.

லாரி நிறுத்தமும் இதோடு சேர்ந்தது. ஆலைக்குள் போக அழைப்பு வரும்வரை ட்ரெய்லர்கள் சாலையோரத்தில் வரிசையாக நிற்பது இந்தச் சாலைகளின் நெடுநாள் பழக்கம். நிறுத்துமிடம் போதாதவரை, ஓரத்தில் எதைப் போட்டாலும் அது லாரி நிற்கும் இடமாகும். சைக்கிள் பாதையின் முதல் செலவு லாரி நிறுத்துமிடம் என்பது கேட்க விசித்திரமாக இருக்கலாம், உண்மை அதுதான்.

எதிர்ப்பக்கத்து ஆலை

சைக்கிள் பாதையை வரைகிறவர்கள் அதை ஒருவழியாக, வாகனங்களின் திசையிலேயே வரைகிறார்கள். நடுவில் தடுப்புச் சுவர் இல்லாத ஊர்ச்சாலைக்கு அது சரி. பலவழிச் சாலையில், தங்கும் அறை ஒரு பக்கமும் ஆலை மறுபக்கமும் இருந்தால் கணக்கு மாறுகிறது. யு–டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப இரண்டு கிலோமீட்டர் கூடும். பஸ்ஸுக்கு அது மூன்று நிமிடம். சைக்கிளுக்கு எட்டு நிமிடம், அதுவும் ஷிப்டு முடிந்த களைப்பில். ஆகவே தொழிலாளி என்ன செய்வார் என்பதில் சந்தேகமே இல்லை. நடுத்தடுப்பின் இடைவெளியில் சைக்கிளைத் தூக்கிக் கடப்பார். அல்லது எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டு வருவார்.

எதிர்த்திசையில் வருவதைக் குற்றம் என்று மட்டும் பார்த்து அபராதம் போடுவதால் பயனில்லை. அது சாலையின் வடிவமைப்பு உண்டாக்கிய தேவை. இத்தகைய சாலைகளில் இரு பக்கமும் இருவழி சைக்கிள் பாதை வேண்டும். ஊர்களும் ஆலை வாசல்களும் எதிரெதிராக வரும் இடங்களில் தரைமட்டத்தில் சிக்னலோடு கூடிய கடப்பு வேண்டும். படிக்கட்டு வைத்த நடைமேம்பாலம் சைக்கிளுக்கு உதவாது. இருபது கிலோ எடையுள்ள வண்டியைத் தோளில் சுமந்து இரண்டு மாடி ஏறச் சொல்வதற்கு வசதி என்று பெயரிட முடியாது.

அகலமும் நேரமும்

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1962இலேயே சைக்கிள் பாதைக்குத் தனி நெறிமுறை (ஐ.ஆர்.சி. 11) வெளியிட்டது, 2015இல் அது திருத்தப்பட்டது. பழைய நெறிமுறையின் ஒரு விதி இன்றும் பாடநூல்களில் இருக்கிறது: மணிக்கு 200க்கு மேல் மோட்டார் வாகனம் போகும் சாலையில், நெரிசல் நேரத்தில் 100 சைக்கிள் போனாலே தனிப்பாதை நியாயம். ஒரகடம் வழித்தடத்தில் முதல் நிபந்தனை எப்போதோ நிறைவேறிவிட்டது. அதே நெறிமுறை குறைந்தபட்ச அகலம் 2 மீட்டர் என்கிறது. நடைமுறையில் இந்தக் குறைந்தபட்சமே அதிகபட்சமாகிவிடுகிறது.

ஆலைப் பகுதியில் அது போதாது. நகரத்து அலுவலகக் கூட்டம் இரண்டு மூன்று மணி நேரத்தில் பரவி வரும். ஷிப்டுக் கூட்டம் அரை மணியில் வந்து விழும், எதிர்த்திசையில் அதே அளவு கூட்டம் வெளியேறும். வல்லம்–வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட்டின் தொழிலாளர் குடியிருப்பை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 18,720 பெண்கள் தங்கும் வசதி கொண்டது அது. அங்கே தங்கும் எல்லோருக்கும் சைக்கிள் ஒத்துவராது. சுங்குவார்சத்திரம் பக்கத்து ஆலைகளுக்குத் தூரம் அதிகம், அதற்குக் கம்பெனி பஸ்தான். அந்த அளவுள்ள ஒரு குடியிருப்பில் இருபதில் ஒருவர் அருகிலுள்ள ஆலைக்கு சைக்கிளில் போவதாக வைத்துக்கொண்டால் 936 பேர். மூன்று ஷிப்டுக்குப் பிரித்தால் 312. ஷிப்டு மாறும் ஒரு மணி நேரத்தில் 312 பேர் போவார்கள், 312 பேர் திரும்புவார்கள். ஐ.ஆர்.சி. கணக்கில் 2 மீட்டர் இருவழிப் பாதை தாங்குவது மணிக்கு 250 சைக்கிள் வரை. 600ஐத் தாண்டினால் நான்கு தடம், அதாவது 4 மீட்டர். இருபதில் ஒருவருக்கே இந்த அகலம். பக்கத்தில் பேசிக்கொண்டே ஓட்டுவது, கேரியரில் ஒருவரை ஏற்றி டபுள்ஸ் போவது ஆகியவற்றை நெறிமுறை கணக்கில் எடுப்பதில்லை. தொழிலாளிகள் அப்படித்தான் போவார்கள்.

அகலமாக விட்டால் பைக் வந்துவிடும் என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். வரும். சைக்கிள் நுழையும் இடைவெளியில் பைக்கும் நுழையும். பைக்கைத் தடுக்கும் அளவு நெருக்கிக் கம்பம் நட்டால் மூன்று சக்கர சைக்கிளும் சரக்கு கட்டிய சைக்கிளும் மாட்டிக்கொள்ளும். இதில் பைக்காரர்களை வில்லனாக்குவதும் முழு நியாயமில்லை. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர மோட்டார் வாகனங்களில் சென்றவர்கள். சைக்கிளில் சென்றவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம். லாரிக்குப் பயந்து ஓரம் ஒதுங்குகிறவர்கள்தான் இருவரும். சர்வீஸ் ரோடு உள்ள இடங்களில் அதை 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக முடியாதபடி வேகத்தடையோடு அமைத்து, லாரியை உள்ளே விடாமல், சைக்கிளும் பைக்கும் பகிர்ந்துகொள்ளச் செய்வது, ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு போடுவதைவிட உருப்படியான ஏற்பாடு. சர்வீஸ் ரோடு இல்லாத இடத்தில்தான் தனிப்பாதைக்கு வேலை.

தரை, மழை, இருட்டு

பேவர் பிளாக் நடப்பதற்கு நல்லது. ஓட்டுவதற்கு, அதுவும் கடினமான டயர் போட்ட சாதாரண சைக்கிளில், ஒவ்வொரு இணைப்பும் கைப்பிடியில் தெரியும். கல் இறங்கிய இடத்தில் சக்கரம் சிக்கும். ஒப்பந்ததாரர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் பிற்பாடு கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டி மூடுவது எளிது என்பதுதான். தார் அல்லது கான்கிரீட் தளமே சைக்கிளுக்கு ஏற்றது.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் நோக்கி ஓடும் தாழ்வான நிலம் இது. சாலையின் நீர் வடிவது இடது ஓரத்துக்கு. சைக்கிள் பாதை இருப்பதும் அங்கேதான். மழைநீர் வடிகாலின் மேல்மூடிப் பலகைகளையே பாதையாக அறிவிக்கும் வழக்கமும் உண்டு. பலகை ஒன்று உடைந்திருந்தால், தண்ணீர் மூடிய நேரத்தில் அது தெரியாது.

பல ஆலைகளில் முதல் ஷிப்டு காலை ஆறு மணிக்கு. இரண்டாம் ஷிப்டு முடிவது இரவு பத்துக்கு. மார்கழியில் ஐந்தரைக்கு நல்ல இருட்டு. ஆகவே சைக்கிளில் வருகிறவர் ஒரு நாளில் ஒருமுறையாவது இருளில் ஓட்டுவார். சென்டர் மீடியனில் உயரமாக நட்ட விளக்கு வண்டித்தடத்துக்கு ஒளி தரும். ஓரத்துப் பாதையில் மர நிழலும் நின்ற லாரியின் நிழலும் விழும். சைக்கிளுக்கு விளக்கு தாழ்வாக, பாதையின் மேலேயே வேண்டும். பெண்களுக்கு இது விபத்துப் பயத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. காலி மனைகளும் சுற்றுச்சுவர்களும் நீளும் சிப்காட் உட்சாலையில், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இல்லாமல் எத்தனை அகலப் பாதை போட்டாலும் இரவு ஷிப்டுக்குப் பெண்கள் அதில் வரமாட்டார்கள். வரச் சொல்வதும் தகாது.

நாலு பேர் சாலை

அறை வாசலிலிருந்து ஆலை வாசல் வரை ஐந்து கிலோமீட்டர் ஓட்டுகிறவர் நான்கு நிர்வாகங்களின் எல்லையைக் கடக்கலாம். ஊராட்சித் தெரு, மாநில நெடுஞ்சாலை, சில இடங்களில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் சர்வீஸ் ரோடு, கடைசியில் சிப்காட்டின் உட்சாலை. ஒவ்வொருவரும் தங்கள் எல்லைக்குள் பாதை போட்டு, எல்லையில் நிறுத்திக்கொள்வார்கள். சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கச் சொன்னது. அந்தக் கொள்கையின் கை ஒரகடம் வரை நீளாது. மாநகராட்சி எல்லையோடு சரி.

துண்டு துண்டான பாதையால் பயனில்லை என்பது நெதர்லாந்திலேயே பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 1970களில் டில்பர்க், ஹேக் நகரங்களில் பெருஞ்செலவில் ஆளுக்கொரு முன்மாதிரி சைக்கிள் பாதை அமைத்தார்கள். பக்கத்துத் தெருக்களில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அதற்கு மாறினார்கள். புதிதாக சைக்கிள் எடுத்தவர்கள் சொற்பம். பிறகு டெல்ஃப்ட் நகரில் ஊர் முழுவதும் இணைந்த வலையாகச் செய்தபோதுதான் சைக்கிள் பயணம் கூடியது. ஸ்பெயினின் செவில் நகரம் 2006க்குப் பிறகு சுமார் 80 கிலோமீட்டரைக் குறுகிய காலத்தில், தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்துப் போட்டது. சைக்கிள் பயணங்கள் சில ஆண்டுகளில் பல மடங்கு பெருகின. இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் இதற்கு ஒரு திருத்தம் சொல்கிறது. போருக்குப் பின் எழுந்த அந்தத் தொழில் நகரத்தில், தலைமைப் பொறியாளர் எரிக் கிளாக்ஸ்டன் குடியிருப்புகளையும் தொழிற்பேட்டையையும் சுரங்கப் பாதைகளோடு கூடிய தனி சைக்கிள் வழிகளால் இணைத்தார். குறை சொல்ல முடியாத வலை. ஆனால் காருக்கும் அதே அளவு தாராளமான சாலை, தாராளமான நிறுத்துமிடம். மக்கள் கார் வாங்கினார்கள். ஒரகடத்தில் காரின் இடத்தில் தவணைக்கு வாங்கும் பைக் இருக்கிறது.

கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை

இந்தத் தொழிற்பகுதியில் சைக்கிளுக்கு உள்ள பெரிய வாய்ப்பு பலவழிச் சாலையில் இல்லாமலும் இருக்கலாம். கம்பெனி பஸ் பிரதான சாலையில், குறித்த நிறுத்தத்தில் மட்டும் நிற்கும். உள்ளூர்த் தெருவிலிருந்து அந்த நிறுத்தத்துக்கு ஒன்று, இரண்டு கிலோமீட்டர். நடந்தால் இருபத்தைந்து நிமிடம், சைக்கிளில் எட்டு. சிங்கப்பெருமாள்கோவில் போன்ற புறநகர் ரயில் நிலையங்களுக்கும் இதே கணக்கு. இந்த ஊர்ச்சாலைகளில் லாரி குறைவு, தனிப்பாதையே தேவையில்லை. விளக்கு, குழியில்லாத தார், வேகத்தடை போதும். தேவைப்படுவது மறுமுனையில்: பஸ் நிறுத்தத்தில் சைக்கிளைப் பத்து மணி நேரம் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக ஷிப்டுக்குப் போக ஒரு கூரை போட்ட ஸ்டாண்டு, அதற்கு ஒரு காவலாளி, பக்கத்தில் பஞ்சர் ஒட்ட ஒருவர்.

ஆலைக்குள்ளும் இதே தேவை உண்டு. கார் நிறுத்துமிடம் அலுவலகக் கட்டடத்தை ஒட்டியும், சைக்கிள் நிறுத்துமிடம் வெயிலில் சுற்றுச்சுவர் ஓரத்திலும் இருந்தால், வாசலில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் நேரமும் பயண நேரத்தோடு சேரும். மே மாதத்தில் சைக்கிளில் வந்தவர் முகம் கழுவிச் சீருடை மாற்ற ஓர் அறையும் பத்து நிமிடமும் வேண்டும். வருகைப் பதிவு இயந்திரம் அந்தப் பத்து நிமிடத்தைத் தாமதமாக எழுதிவிட்டால் அடுத்த மாதம் அவர் பைக்குக்கு மாறிவிடுவார். இவை சாலைத் துறை செய்யும் வேலைகள் அல்ல, ஆலை நிர்வாகம் செய்யவேண்டியவை. கம்பெனி பஸ்ஸுக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், ஒரு கூரையும் இரண்டு குழாயும் கணக்கிலேயே வராத தொகை.